டி செல்லில் மரபணு ஏறவில்லையா? அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பிழையைப் பிடிக்கும் வழி

போன மாதம் எங்கள் லேப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லில் வைரஸ் மூலம் மரபணு ஏற்றிவிட்டு, ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "அக்கா, இந்த வைரஸ் சரியில்லன்னு நினைக்கிறேன். மூணு விழுக்காடுதான் ஏறியிருக்கு. புது பேட்ச் செஞ்சிடலாமா?" புது பேட்ச் என்றால் ஏறக்குறைய இரண்டு வார வேலை. "தூண்டின மறுநாள் செல் பார்க்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் பார்க்கவே இல்லை. செல்லைத் தூண்டும் பீட் (ஆன்டிபாடி ஒட்டிய நுண்மணி) போட்டார், மறுநாள் வைரஸ் சேர்த்தார், ஆறாம் நாள் அளந்தார்.

உறைநிலையில் மிச்சமிருந்த அதே கொடையாளரின் செல்லை எடுத்து மறுபடி தூண்டிப் பார்த்தோம். ஒரு நாள் முழுக்கப் போயும் செல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தனித்தனியே கிடந்தன. அதே வைரஸ் வேறொரு கொடையாளரின் செல்லில் நன்றாகவே ஏறியது. குறை வைரஸில் இல்லை, அதைப் போடுவதற்கு முந்தைய நாளில் இருந்தது.

நான் பார்த்த வரையில், மரபணு ஏற்றும் கட்டத்தில் தெரியவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தூண்டலின் முதல் இரண்டு நாளில் உண்டானவை. அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்னோக்கிப் போகும் வழியைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு வழிமுறையை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு இது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். லென்டிவைரஸ் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ்) வேலை உயிர்ப் பாதுகாப்பு இரண்டாம் நிலைக் கூடத்தில் மட்டும்தான். உங்கள் சொந்த ரத்தத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மரபணு மாற்றிய உங்கள் செல் தவறுதலாக ஊசி குத்தி உங்களுக்குள்ளேயே திரும்பிப் போனால், உடம்பு அதை அந்நியமாகப் பார்த்துத் துரத்தாது.

அப்புறம், ஒவ்வொரு சோதனையிலும் பிளேட்டில் மூன்று குழிகளைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்: தூண்டாத செல், தூண்டி வைரஸ் போடாத செல், வேலை செய்யும் என்று ஏற்கெனவே நிரூபணமான ஒளிரும் புரத வைரஸ் போட்ட செல். கீழே சொல்வதில் பாதி இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

அறிகுறி: தூண்டிய மறுநாள் கொத்து இல்லை

நன்றாகத் தூண்டப்பட்ட டி செல் 24 மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும். 48 மணி நேரத்தில் அளவில் பெரிதாகும். தூண்டலைக் காட்டும் மேல்பரப்புப் புரதங்களில், ஃப்ளோவில் சிடி69 சில மணி நேரத்திலேயே ஏறும், சிடி25 இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். சிடி69 கூட ஏறவில்லை என்றால் சமிக்ஞையே உள்ளே போகவில்லை. சிடி69 ஏறி, சிடி25 ஏறவில்லை என்றால் சமிக்ஞை போயிருக்கிறது, தொடரவில்லை. இந்த ஒரு வேறுபாடு தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

சமிக்ஞை போகவில்லை என்றால் முதலில் ஆன்டிபாடியைப் பாருங்கள். பிபிஎம்சியில் (ரத்தத்திலிருந்து பிரித்த, டி செல்லும் மோனோசைட்டும் கலந்த வெள்ளணுக் கலவை) வேலை செய்த வழிமுறையைச் சுத்திகரித்த டி செல்லுக்கு அப்படியே மாற்றும்போது பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கரைசலில் மிதக்கும் சிடி3 ஆன்டிபாடியால் தனியாக டி செல்லைத் தூண்ட முடியாது. அதை யாராவது பிடித்துக்கொண்டு குறுக்கே இணைக்க வேண்டும். பிபிஎம்சியில் அந்த வேலையை மோனோசைட்டுகள் செய்துவிடும். மோனோசைட்டை நீக்கிவிட்டால் ஆன்டிபாடியைப் பிளேட்டின் தரையில் பூச வேண்டும், அல்லது பீடில் ஒட்டியதை வாங்க வேண்டும், அல்லது நான்காகச் சேர்த்துக் கட்டிய கரைசல் வகையை எடுக்க வேண்டும். பிளேட்டில் பூசுவதாக இருந்தால் ஆன்டிபாடிப் புட்டியில் ஆல்புமின் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கலந்திருந்தால் தரையில் ஒட்டுவது பெரும்பாலும் ஆல்புமினாகத்தான் இருக்கும். ஃப்ளோவுக்காக வாங்கிய ஆன்டிபாடியை எடுத்துப் போட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள். அவற்றில் பலவற்றில் சோடியம் அசைடு இருக்கும். அது செல்லைக் கொல்லும்.

ஆன்டிபாடி சரியென்றால் அடுத்தது ரத்தம். பிளேட்லெட் தானம் எடுக்கும் இயந்திரத்தில் கடைசியில் ஒரு சிறு கூம்பு மிஞ்சும், வெள்ளணுக்கள் நிறைந்தது. ஆய்வுக்கு அருமையான பொருள். ஆனால் அது அறை வெப்பத்தில் வர வேண்டும், அன்றைக்கே பிரிக்கப்பட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், தீபாவளி விடுமுறைக்கு முந்தைய மாலை வந்த கூம்பை நல்ல எண்ணத்தில் யாரோ குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். விடுமுறை முடிந்து பிரித்தபோது பிபிஎம்சி அடுக்கு முழுக்க நியூட்ரோஃபில். பழைய ரத்தத்தில் நியூட்ரோஃபில்களின் அடர்த்தி குறைந்துவிடும், அதனால் கீழே போக வேண்டியவை நடு அடுக்கிலேயே தங்கிவிடும். அவை டி செல்லை அடக்கவும் செய்யும். ஒருவர் இயந்திரத்தோடு இணைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கொடுத்தது அது. வீணாகப் போனது எனக்கு இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ரத்த அணுக்களை அடர்த்தியால் அடுக்காகப் பிரிக்கும் ஃபிகோல் கரைசலும் அப்படித்தான். 1.077 என்ற அதன் அடர்த்தி 20 டிகிரியில் உள்ள கணக்கு. நேரே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றினால் அடர்த்தி கூடியிருக்கும், அடுக்குகள் குழம்பும். ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சுழற்றி முடியும்போது பிரேக் போடாமல் விடுங்கள்.

உறைந்த செல்லாக இருந்தால் உருக்கியவுடன் தூண்ட வேண்டாம். கழுவி, 37 டிகிரியில் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, உயிருள்ளவை 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் குழாயை முக்கியமான சோதனைக்கு எடுக்காதீர்கள். எங்கள் தம்பி உருக்கிய குழாயில் உயிருள்ளவை 55 விழுக்காடு. பீட் எண்ணிக்கையை மொத்தச் செல்லுக்குக் கணக்கிட்டிருந்தார், அதில் கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே இறந்தவை.

அறிகுறி: கொத்து வந்தது, ஆனால் பெருகவில்லை

முதல் 48 மணி நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் பதற வேண்டாம், அது இயல்பு. தூண்டலைத் தாங்காதவை போய்விடும், மற்றவை பெருகப் போகும் முன் வளர்ந்துகொண்டிருக்கும். அதோடு, கொத்துகளைப் பிரிக்காமல் எண்ணினால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். நான்காம் நாளும் ஏறவில்லை என்றால்தான் கோளாறு.

அப்போது டி செல்லைப் பெருகவைக்கும் புரதமான ஐஎல்-2 புட்டியைச் சந்தேகப்படுங்கள். உருக்கி உருக்கி உறைய வைத்த ஐஎல்-2 வேலை செய்யாது. அலகுக் குழப்பமும் அடிக்கடி நடக்கும். மருந்தாக விற்கும் ஐஎல்-2வில் 1.1 மில்லிகிராம் என்பது 1.8 கோடி அலகு, அதாவது ஒரு நானோகிராமுக்குச் சுமார் 16 அலகு. ஆய்வுக்கு விற்கும் வகைகளில் இந்தக் கணக்கு மாறும். உங்கள் புட்டியோடு வந்த தாளைப் பார்த்து ஒரு முறை கணக்கிட்டுப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மில்லி லிட்டருக்கு 100 அலகு போட வேண்டிய இடத்தில் 100 நானோகிராம் போட்டால் 16 மடங்கு. செல் நன்றாகவே பெருகும், ஆனால் சீக்கிரம் முதிர்ந்து களைத்துவிடும். அந்தப் பிழை பத்தாம் நாள்தான் தெரியும்.

அடர்த்தியை மில்லி லிட்டருக்கு 5 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்குள் வையுங்கள். அதற்குக் கீழே போனாலும் டி செல் தனிமையில் வாடும். சனி ஞாயிறுக்கு நடுவில் மீடியா மஞ்சளாகிவிட்டால் வெள்ளிக்கிழமை கணக்குப் போட்டது தப்பு என்று பொருள். எனக்குத் தெரிந்து இதற்குக் குறுக்கு வழி கிடையாது, ஞாயிறு காலை சிங்கப்பூரின் ஒன்-நார்த்தில் உள்ள லேப்புக்கு ரயில் ஏறத்தான் வேண்டும்.

அறிகுறி: வைரஸ் போட்டும் ஏறவில்லை

மேலே சொன்ன இரண்டையும் தாண்டி வந்தீர்களா? அப்படியென்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

பெரும்பாலான லென்டிவைரஸ் வெக்டர்கள் (மரபணு ஏற்ற வடிவமைத்த வைரஸ்கள்) விஎஸ்வி-ஜி என்ற, வேறொரு வைரஸின் உறைப் புரதம் போர்த்தியவை. அந்த உறை செல்லுக்குள் நுழைய எல்டிஎல் ஏற்பியைப் பிடிக்கிறது. ஓய்வில் இருக்கும் டி செல்லில் அந்த ஏற்பி மிகக் குறைவு, தூண்டினால்தான் மேலே வரும். நுழைந்த பிறகும் வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுத வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருள் ஓய்வுச் செல்லில் பற்றாக்குறை. தூண்டல் சரியில்லாதபோது மரபணு ஏறாததற்கு இந்த இரண்டுமே காரணம். அதனால் வைரஸ் சேர்க்கும் நேரம் தூண்டிய 24 முதல் 48 மணி நேரத்துக்குள். காமா ரெட்ரோவைரஸ் என்றால் செல் பிளந்துகொண்டிருக்கவே வேண்டும், ஆகவே 48 மணி நேரத்தை ஒட்டிச் சேர்ப்பது நல்லது. என்கே செல்லில் (இன்னொரு வகை வெள்ளணு) விஎஸ்வி-ஜி ஏறவில்லை என்று தவிப்பவர்களுக்கு: அது உங்கள் கைத்தவறு இல்லை, பபூன் ரெட்ரோவைரஸின் உறைக்கு மாறிப் பாருங்கள்.

இப்போது உங்கள் ஒளிரும் புரத வைரஸ் குழியைப் பாருங்கள். அதில் ஏறி, உங்கள் வெக்டரில் ஏறவில்லை என்றால் பிரச்சினை வெக்டரில். இரண்டிலும் ஏறவில்லை என்றால் செல்லிலோ சேர்க்கும் முறையிலோ. இந்தக் குழி இல்லாமல் வைரஸைக் குறை சொல்வது வெறும் ஊகம்தான்.

சேர்க்கும் முறையில் முதலில் கனஅளவைக் குறையுங்கள். வைரஸ் நீந்திப் போகாது, செல்லின் மேல் தற்செயலாக மோத வேண்டும். மெல்லிய அடுக்கில் அடர்த்தியாகச் சேர்த்து, சில மணி நேரம் கழித்து மீடியா ஊற்றுங்கள். 32 டிகிரியில் 800 முதல் 1000 ஜி வேகத்தில் ஒரு மணி நேரம் சுழற்றுவது பெரும்பாலும் உதவும். வைரஸையும் செல்லையும் அருகருகே பிடிக்கும் ரெட்ரோநெக்டின் பூசிய பிளேட்டும் உதவும். செல் வரிசைகளுக்கு (லேப்பில் முடிவின்றி வளரும் செல்கள்) பழகிய கையோடு, வைரஸ் ஒட்ட உதவும் பாலிபிரீன் போடாதீர்கள், முதல்நிலை டி செல்லுக்கு அது கடுமை. புரோட்டமைன் சல்ஃபேட் சாந்தமானது. மீடியாவில் மனித சீரம் கலப்பவர்கள் அது 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அதிலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் வைரஸை அழித்துவிடும்.

வெக்டரில் குறை என்றால் அளவீட்டிலிருந்து தொடங்குங்கள். பி24 (வைரஸ் ஓட்டின் புரதம்) அளவு, உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுத் துகளையும் சேர்த்து எண்ணும். வைரஸ் தயாரிக்கும் 293டி செல்லில் எடுத்த அளவு, டி செல்லில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டும். ஒரே கொடையாளரின் தூண்டிய டி செல்லில் மூன்று நான்கு நீர்ப்புகளில் போட்டுப் பார்த்து எடுக்கும் அளவுதான் உங்களுக்குப் பயன்படும். உறைய வைத்ததை மறுபடி உருக்கினீர்களா? ஒவ்வொரு முறையும் கணிசமாகப் போய்விடும். செருகிய மரபணு நீளமா? வைரஸின் கொள்ளளவை நெருங்க நெருங்க விளைச்சல் சரியும்.

ஏறவில்லை என்று தோன்றுவதும் சில நேரம் சாயத்தின் தவறுதான். கார் ஏற்பியை (புற்றுச் செல்லை அடையாளம் காண டி செல்லில் ஏற்றும் செயற்கை ஏற்பி) புரோட்டீன் எல் என்ற புரதம் கொண்டு பார்ப்பவர்கள் மற்ற ஆன்டிபாடிகளுக்கு முன்பே அதைப் போட்டுக் கழுவிவிட வேண்டும். அது பல ஆன்டிபாடிகளின் கப்பா சங்கிலியையும் பிடிக்கும், ஆகவே வரிசை மாறினால் எல்லாமே ஒளிரும் அல்லது எதுவுமே புரியாது.

இதற்கு நேர்மாறான பிழையையும் சொல்ல வேண்டும். விழுக்காடு ஏறவேண்டும் என்று வைரஸைக் கொட்டாதீர்கள். ஒரு செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கில் சேர்த்தாலே 63 விழுக்காட்டுச் செல்களில் ஏறும், 26 விழுக்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருக்கும். பாய்சான் பரவலின் எளிய கணக்கு இது. சிகிச்சைக்குப் போகும் செல்லில் ஒரு செல்லுக்கான சராசரிப் பிரதியை ஐந்துக்குக் கீழே வைப்பது வழக்கம், ஏனென்றால் ஒவ்வொரு பிரதியும் மரபணுத் தொகுதியில் இன்னொரு இடத்தைக் குலைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 90 விழுக்காடு என்று மகிழ்ந்துவிட்டு, அந்த எண்ணோடு மருத்துவமனைக்குப் போக முடியாது.

அறிகுறி: முதலில் இருந்தது, பிறகு மறைந்தது

இரண்டாம் நாள் 40 விழுக்காடு, எட்டாம் நாள் 8. வைரஸோடு ஒட்டி வந்த பிளாஸ்மிடாலும் (வைரஸ் தயாரிக்கப் பயன்படுத்திய டிஎன்ஏ வளையம்) புரதத்தாலும் செல் சில நாள் ஒளிரும், மரபணு உள்ளே சேராமலே. ஆகவே வைரஸ் போட்டு ஐந்து நாளாவது கழித்து அளக்காமல் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

எம்ஆர்என்ஏ (மரபணுவின் தற்காலிக நகல்) கொண்டு செய்தவர்களுக்கு மறைவதுதான் சரியான விளைவு. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் அன்டோனியோ பெர்டோலெட்டியின் குழு, ஹெபடைடிஸ் பி தொடர்பான ஈரல் புற்றுநோய்க்காக டி செல்லில் ஏற்பியை எம்ஆர்என்ஏவாகவே ஏற்றியது. நல்ல ஈரல் செல்லிலும் அதே வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், சில நாளில் தானே மறையும் ஏற்பி அங்கே ஒரு பாதுகாப்பு.

அறிகுறி: மாற்றிய செல் மட்டும் சாகிறது

வைரஸ் போடாத குழி செழிக்கிறது, ஒளிரும் புரதக் குழி செழிக்கிறது, உங்கள் கார் போட்ட குழி மட்டும் நாளுக்கு நாள் தேய்கிறது. உங்கள் கார் எதைத் தேடுகிறது என்று யோசியுங்கள். அந்தப் புரதம் டி செல்லின் மேலேயே இருந்தால் அவை ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்கின்றன. டி செல் ரத்தப் புற்றுக்காக சிடி7ஐக் குறிவைப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். இதற்கு ஒரு நல்ல தீர்வு இங்கேயே பிறந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டாரியோ கம்பானாவின் குழு, சிடி7ஐச் செல்லுக்குள்ளேயே பிடித்து நிறுத்தும் ஒரு புரதத்தைச் சேர்த்து ஏற்றி, 2017இல் வெளியிட்டது. சிடி7 மேல்பரப்புக்கு வராது, செல்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாது. மரபணுவை வெட்டவும் தேவையில்லை. மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையால் சிடி7ஐ நீக்குவது இன்னொரு வழி. அதைச் செய்வதாக இருந்தால் கார் ஏறும் முன்பே நீக்குங்கள்.

அறிகுறி: மின் அதிர்ச்சிக்குப் பிறகு பாதிக்கு மேல் இறந்துவிட்டன

கிரிஸ்பர் வேலையில் வெட்டும் கேஸ்9 புரதத்தையும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் சேர்த்து எலக்ட்ரோபொரேஷன் என்ற மின் அதிர்ச்சி மூலம் உள்ளே அனுப்புகிறோம். இறப்பு அதிகமென்றால் வரிசையாகப் பாருங்கள். பீட் முழுக்க நீக்கப்பட்டதா? மீடியா ஒட்டியிருக்காமல் கழுவப்பட்டதா? உப்பு மிச்சமிருந்தால் பொறி பறக்கும், குமிழி இருந்தாலும் பறக்கும். செல்லை அந்தத் தாங்கல் கரைசலில் காக்க வைத்தீர்களா? ஒரே நேரத்தில் பதினாறு மாதிரி செய்பவர்களின் கடைசி நான்கு மட்டும் மோசமாக இருந்தால் காரணம் அதுதான். அதிர்ச்சி கொடுத்தவுடன் 37 டிகிரி மீடியாவை மெதுவாக ஊற்றிக் கால் மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். உள்ளே அனுப்பியது வெறும் இரட்டை இழை டிஎன்ஏவாக இருந்தால், செல் அதை ஊடுருவலாகப் புரிந்துகொண்டு தானே மடியும். அளவைக் குறைக்க வேண்டும், அல்லது ஏஏவி6 என்ற வைரஸ் மூலம் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: வெட்டியாயிற்று, டி செல்லே காணவில்லை

இது நிஜப் பிழை இல்லை, ஆனால் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். டிராக் மரபணுவை வெட்டினால் டி செல் ஏற்பி மறையும், கூடவே சிடி3யும் மேல்பரப்பிலிருந்து மறையும். ஃப்ளோவில் சிடி3 உள்ளதைத்தான் டி செல் என்று முதலில் பிரித்தெடுத்தால், உங்கள் வெற்றிகரமான செல்களை எல்லாம் நீங்களே வெளியே தள்ளிவிடுகிறீர்கள். சிடி5 அல்லது சிடி2 கொண்டு பிரியுங்கள். அந்தச் செல்களைச் சிடி3 பீடால் மறுபடி தூண்டவும் முடியாது. வெட்டியது டிஎன்ஏவில் தெரிந்து புரதம் மட்டும் இன்னும் தெரிந்தால், மேலும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பழைய புரதம் கழிய நேரம் வேண்டும்.

அறிகுறி: எண்ணிக்கை நன்று, விழுக்காடு நன்று, கொல்லவில்லை

உருக்கிய உடனே சோதித்தீர்களா? ஓரிரவு ஓய்வு கொடுங்கள். இலக்குச் செல்லில் இலக்குப் புரதம் இன்னும் இருக்கிறதா என்று அன்றைக்கே சாயம் போட்டுப் பாருங்கள். பல தலைமுறை வளர்த்த செல் வரிசை அதைக் கைவிட்டிருக்கலாம். வைரஸ் போடாத டி செல்லும் அதே அளவு கொன்றால் அது காரின் வேலை இல்லை. என்கே செல் எளிதில் கொல்லும் கே562 செல் வரிசையில் இது நடந்தால் உங்கள் கலவையில் என்கே செல் ஒளிந்திருக்கிறது.

இவை எல்லாம் சரியென்றால் செல் களைத்திருக்கிறது. மூன்றாம் நாள் பிடி-1 என்ற மேல்பரப்புப் புரதம் ஏறியிருப்பதைக் களைப்பு என்று எழுதாதீர்கள். அது தூண்டலின் அடையாளமும்தான். பத்தாம் நாளிலும் பிடி-1, லேக்-3, டிம்-3 மூன்றும் சேர்ந்து இருந்து, இலக்கே இல்லாமல் செல் பெரிதாகக் கிடந்தால், கார் தனக்குத் தானே சமிக்ஞை கொடுத்துக்கொண்டிருக்கிறது. காரின் ஆன்டிபாடித் துண்டை மாற்றலாம், அதன் உட்பக்கம் சமிக்ஞை தரும் சிடி28 பகுதிக்குப் பதில் 4-1பிபி போடலாம். கம்பானா அமெரிக்காவில் இருந்தபோது 2004இல் வெளியிட்ட 4-1பிபி வடிவம்தான் பின்னாளில் கிம்ரியா ஆனது. 2021இல் இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதித்த முதல் கார்-டி சிகிச்சை அது. இவற்றுக்கெல்லாம் முன்னால் மிக எளிய மாற்றம் ஒன்று உண்டு: பீடை முன்னதாக எடுத்துவிட்டு, ஐஎல்-2வுக்குப் பதில் ஐஎல்-7, ஐஎல்-15 கொடுத்து, பதினான்கு நாளுக்குப் பதில் எட்டு நாளில் நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி: போன மாதம் வரை எல்லாம் சரி, இப்போது எல்லாமே மோசம்

எல்லாக் கொடையாளரிலும், எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் விழுந்தால் வழிமுறையைத் தொடாதீர்கள். மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் ஒளிந்து வாழும் மிகச் சிறிய பாக்டீரியா) சோதனை செய்யுங்கள், 293டி உட்பட எல்லா செல் வரிசைக்கும். அது மீடியாவைக் கலங்கவைக்காது, மைக்ராஸ்கோப்பில் தெரியாது. வைரஸ் தயாரிக்கும் செல்லிலிருந்து வைரஸோடு சேர்ந்து உங்கள் டி செல்லுக்குள் வந்துவிடும். அடுத்து இன்குபேட்டரின் கரியமில வாயுவைத் தனிக் கருவியால் அளந்து பாருங்கள், அதன் திரையை நம்பாமல். பிறகு சீரம், மீடியா, ஐஎல்-2 மூன்றின் பேட்ச் எண்களும் எந்தத் தேதியில் மாறின என்று பதிவேட்டில் தேடுங்கள். தம்பியின் பதிவேட்டில் இப்போது இன்னொரு பத்தியும் இருக்கிறது: தூண்டிய மறுநாள் காலை எடுத்த மைக்ராஸ்கோப் படம்.